பிறை தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் ஒன்று

கல்லூரிகளில் பேசக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மேடம், படிக்கும்போதே கம்பெனி ஆரம்பிச்சீங்களாமே, அதுல என்ன கத்துக்கிட்டீங்க?" கேட்கிற பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானும் ஏதாவது சொல்லி வைப்பேன். சின்னதாகத் தொடங்குங்கள், வாங்குகிறவரைக் கவனியுங்கள் என்று எல்லாரும் சொல்வதைத்தான். உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமானால் யுகாதி, ரம்ஜான், கறி விருந்து, யானை என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட வேண்டும். அவர்கள் கொடுக்கிற நேரம் அதற்குப் போதாது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் அவளும் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். அவள் என்றால், முதல் வருடத்திலிருந்து என் பக்கத்து இருக்கைக்காரி. கிருஷ்ணகிரியில் புளி வியாபாரம் செய்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். தினமும் காலையில் பஸ் ஏறி சூளகிரி வழியாக வருவாள், மாலையில் அதே வழியில் திரும்புவாள். உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பஸ்ஸில்தான் புரோகிராம் எழுதுவாள், ரஃப் தாளில், பென்சிலால். கல்லூரியில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடைப்பது வாரத்தில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் அவள் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்வாள், முதல் தடவையிலேயே ஓடும். நான் எழுதியது ஓடாது. நான் திரையை முறைப்பேன், மேசையைத் தட்டுவேன், கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவள் என் தாளை வாங்கி ஒரு வரியின் மேல் விரலை வைப்பாள். தப்பு அங்கேதான் இருக்கும். பிற்பாடு எத்தனையோ பேரோடு வேலை செய்துவிட்டேன், அவளைப் போல எழுதுகிற ஆளைப் பார்க்கவில்லை.

எனக்கு வாய் இருந்தது, அவளுக்கு மூளை இருந்தது. இந்த இரண்டையும் போட்டுக் கம்பெனி ஆரம்பித்தோம். முதல் காரியமாக விசிட்டிங் கார்டு அடித்தோம், அடுத்ததாக ரப்பர் ஸ்டாம்பு செய்தோம். வேலை மட்டும்தான் இல்லை. எங்கள் தலைமை அலுவலகம் ஓசூரில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டில். அப்பா தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தார். அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் காலையில் கட்டில் காலி, எங்கள் ஆபீஸ் திறந்திருக்கும். நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் அவர் தூங்குவார், ஆபீஸுக்கு விடுமுறை.

நான் விளையாட்டாகத்தான் இறங்கினேன். அவள் அப்படி இல்லை. பெங்களூர் கம்பெனி ஒன்று கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்தபோது எங்கள் வகுப்பில் அவளை மட்டும் எடுத்தது. ஜூனில் சேர வேண்டும். தங்குவதற்கு அங்கே பெரியம்மா வீடு இருந்தது. அவளுடைய அத்தாவுக்கு, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அதில் பெருமையோ பெருமை. மண்டியில் புளி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவளுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை.

"அங்க போனா யாரோ எழுதற பெரிய புரோகிராம்ல ஒரு மூலைய எனக்குக் குடுப்பாங்க. அது யாருக்கு, எதுக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் எழுதுனது முழுசா ஒரு எடத்துல ஓடறத பாக்கணும்டி. ஓசூர்ல ஒரே ஒரு எடத்துல ஓடுனாப் போதும்," என்றாள்.

அத்தா கத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வியாபாரி அல்லவா, ஒரு கெடு வைத்தார். ஜூனுக்குள் எங்கள் கம்பெனி கம்பெனி என்று சொல்லும்படி இருந்தால் அவள் ஓசூரில் இருக்கலாம், இல்லாவிட்டால் பெங்களூர். இதை அவள் என்னிடம் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று. அவள் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது ஒரு ரப்பர் ஸ்டாம்புதான்.

அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு வழி பிறந்தது. தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கிற நடுத்தரத் தொழிற்சாலை ஒன்று. ஷெட்டுக்குள் வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். அவை அடிக்கும்போது தரை அதிர்வது செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் தெரியும். அலுவலகத்தில் கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாங்கி வைத்ததோடு சரி, அதில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் கண்டிப்பான மனிதர், ஆனால் நியாயமானவர். அவருடைய தலைவலி ஷிஃப்ட் பட்டியல். டைம் ஆபீசில் வாராவாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எழுதி ஒட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு ஆட்கள் நிற்பார்கள்.

"லிஸ்ட்ல ஒரு பேரு, மெஷின்ல ஒரு ஆளு. நாளைக்கு ஒருத்தனுக்குக் கையில அடிபட்டா நான் யாரு பேர எழுதறது?" என்று எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்துக் கேட்டார். "உங்க புரோகிராமால லிஸ்ட்டும் ஆளும் ஒண்ணா இருக்கணும். இருந்தா நான் வாங்கிக்கறேன். பக்கத்து ஃபேக்டரிக்கும் சொல்றேன்."

இரண்டு ஸ்டூடண்ட் பெண்களை நம்பி ஒருவர் இவ்வளவு பேசியதே பெரிது. நாங்கள் துள்ளிக்கொண்டு போனோம். அவள் பஸ்ஸில் எழுதினாள், நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆட்களின் பெயர்களையெல்லாம் ஏற்றினேன். எல்லாருக்கும் மூன்று ஷிஃப்டும் சமமாகச் சுழலும். யாருக்கும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்ற பேச்சே இல்லை. கறகறவென்று பிரிண்டர் அடித்துத் தந்த முதல் பட்டியலைப் போர்டில் ஒட்டியபோது, நீதி தேவதையே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு.

அந்த வாரம் முடிந்து டைம் ஆபீஸ்காரர் ஒத்துப் பார்த்தார். எங்கள் பட்டியலுக்கும் மெஷினில் நின்ற ஆட்களுக்கும் பாதிக்குப் பாதி சம்பந்தமே இல்லை.

"கையில எழுதுனதே தேவலாம் போலிருக்கே," என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுங்கு என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் மட்டும் அமைதியாக ஒன்று கேட்டாள்.

"இந்த வாரத்துல ஆள் இல்லாம எந்த மெஷினாவது நின்னுச்சா சார்?"

மேனேஜர் டைம் ஆபீஸ்காரரைப் பார்த்தார். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட நிக்கல."

வெளியே வந்து சாலையில் நடக்கும்போது நான் இன்னும் பொரிந்துகொண்டிருந்தேன். அவள் என் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. "நம்ம லிஸ்ட் இல்லாமயே அத்தனை மெஷினும் ஓடியிருக்குடி. அப்ப அவங்ககிட்ட நல்ல லிஸ்ட் ஒண்ணு இருக்கு. நமக்குத்தான் அது தெரியல," என்றாள். எனக்கு வந்தது கோபம், அவளுக்கு வந்தது ஆர்வம். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த நாள் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தோம். ஓசூர்த் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு மேசையில் உட்கார்ந்தால் காதில் நாலு பாஷை விழும். தெலுங்கில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் திருப்பித் தமிழில் முடிப்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று ஆளுக்கொரு இழுவை வேறு. முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்தார்கள். அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். உள்ளே அவள் வீட்டுப் புளியில் செய்த புளிசாதம். அதற்குப் பிறகு பேச்சு வந்தது.

காட்டை ஒட்டிய சானமாவுப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பக்கத்திலிருந்த மதுரைக்காரரைக் காட்டிச் சொன்னார். "ராகி அறுக்கற காலத்துல ஆனைங்க எறங்கிடும்மா. நைட்டு டூட்டிக்குன்னு இருட்டுல சைக்கிள் மிதிச்சுக்கினு எப்படி வர்றது? என் நைட்ட இவரு எடுத்துக்குவாரு. இவரு ஊரு பண்டிகைக்கு இவரு டூட்டிய நான் எடுத்துக்குவேன்."

இன்னொரு பக்கம் இருந்தவர் பிரஸ் ஆபரேட்டர், முஸ்லிம். ஆளைக் கிண்டல் செய்யாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. எதிரில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக்காரரைக் காட்டி, "எனக்கு ரம்ஜானுக்கு இவன் நிப்பான். இவனுக்குத் தீபாவளிக்கு நான். இவன் பலகாரம் குடுக்கறேன்னு சொல்லிச் சொல்லியே வருஷம் போகுது," என்றார்.

பெயர் வைக்காமல் விட மனம் வரவில்லை போலும், அதற்கு 'மாத்து' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மாத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கேட்கும்போதே திருப்பித் தரும் நாளைச் சொல்லிவிட வேண்டும்.

"நாள் சொல்லலைன்னா?" என்றாள் அவள்.

"அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னா அது மாத்து இல்லம்மா. அது சும்மா பேச்சு. யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"சரி, சொன்ன நாளுக்கு வரலைன்னா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வியே விளங்காதவர்கள் போலிருந்தது அந்தப் பார்வை. கடைசியில் சானமாவுக்காரர், "வராம எப்படிம்மா?" என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்.

யாரும் மேய்க்காமல், யாரும் கண்டிக்காமல், சாமியும் பாஷையும் ஊரும் வேறு வேறான இத்தனை பேர் வருடக்கணக்காக இதை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் தள்ளி வரும் பண்டிகையைக்கூட நம்பி இன்றைக்கு ஒருவருக்காக இன்னொருவர் நின்றார்கள். நாங்கள் அவர்களுக்குச் சமத்துவம் கற்றுக்கொடுக்கப் போயிருந்தோம்.

அவள் எழுதியதைக் கிழித்துப் போட்டாள். நான் பெயர் ஏற்றிய உழைப்பெல்லாம் போயிற்றே என்று முணுமுணுத்தேன். "பேரெல்லாம் இருக்கும்டி, அழுவாத," என்றாள். புதிய புரோகிராம் யாருக்கும் உத்தரவு போடாது. முதலில் ஒரு சாதாரணச் சுழற்சியைக் கொடுத்துவிட்டு, மாத்துக்குக் காத்திருக்கும். யார், எந்த ஷிஃப்ட், பதிலுக்கு யார் என்று கேட்கும். அந்த ஆளுக்கு அந்த மெஷின் தெரியுமா, அவர் அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் நிற்க வேண்டி வருமா என்று மட்டும் பார்க்கும். கடைசியாகத் திருப்பித் தரும் நாளைக் கேட்கும். அதை நிரப்பாவிட்டால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நகராது. அங்கேயே கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். கேன்டீன் சட்டத்தை அவள் அப்படியே உள்ளே வைத்துவிட்டாள்.

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "அவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கறதுக்கு நான் எதுக்கும்மா கம்ப்யூட்டர் வெச்சிருக்கணும்?"

"இப்பவும் மாத்திக்கிட்டுதான் சார் இருக்காங்க. இப்ப உங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியும்," என்றாள்.

அவளுக்கு வாய் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அன்றோடு முடிந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தாளம் போட்டார். பிறகு அவரும் ஒரு கெடு வைத்தார். ரம்ஜான் அன்று எல்லா மெஷினும் ஓட வேண்டும், பட்டியலில் இருக்கிற ஆள்தான் மெஷினில் நிற்க வேண்டும், பண்டிகை நாட்களில் எங்களில் ஒருத்தி டைம் ஆபீசில் இருக்க வேண்டும். இதெல்லாம் நடந்தால் வாங்கிக்கொள்வார். நடக்காவிட்டால் எங்கள் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பலாம்.

மாத்துகள் வர ஆரம்பித்தன. முதலில் தயங்கித் தயங்கி ஓரிருவர், பிறகு கும்பலாக. நோன்பு மாதம் பாதி ஆகியிருந்தபோது ரம்ஜான் மாத்துக்காக அந்தக் கிண்டல்கார ஆபரேட்டர் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. காற்றுக்குக் கையைக் கட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். ரம்ஜான் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு தேதி ஏற்கனவே இருந்தது. அச்சடித்த காலண்டரைப் பார்த்து அவள்தான் போட்டிருந்தாள்.

"ஏம்மா, பிறைய இப்பவே பாத்துட்டீங்களா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள், காதெல்லாம் சிவந்துவிட்டது. அன்று பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். "ஒவ்வொரு வருஷமும் மொட்டை மாடில ஏறி மொதல்ல நான்தான்டி பாப்பேன். எங்க தெருவே என்னைத்தான் கேக்கும். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா மட்டும் நான் வேற ஆளாயிடறேன்." பெரிய பெரிய கம்பெனிகளில் பெரிய பெரிய படிப்பாளிகள் இதே காரியத்தைச் செய்வதை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டில் தெரிந்ததையெல்லாம் செருப்போடு சேர்த்துக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் கண்ணாடி அறைக்குள் போகிறோம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வருடம் யுகாதியும் ரம்ஜானும் ஒட்டிக்கொண்டு வந்தன. தெலுங்கு, கன்னடக்காரர்களுக்கு யுகாதி பெரிய பண்டிகை. அன்றைக்கு அவர்களுக்காக முஸ்லிம்களும் தமிழ்க்காரர்களும் நிற்பதாக மாத்து ஆகிவிட்டது. பதிலுக்கு ரம்ஜானுக்கு அவர்கள் நிற்பார்கள். அதுவரை சரி. ஆனால் யுகாதிக்கு மறுநாள் அவர்கள் வீடுகளில் கறி விருந்து, ஹொசதொடகு என்பார்கள். பண்டிகையன்று ஒப்பட்டு, அதாவது நம் போளி, மறுநாள் கறி. அதை விட யாருக்கும் மனசு வராது. யுகாதி மாலையில் பிறை தெரிந்துவிட்டால் ரம்ஜானும் கறி விருந்தும் ஒரே நாள். தெரியாவிட்டால் ரம்ஜான் ஒரு நாள் தள்ளிப் போகும், கறியும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வந்து நிற்கலாம். ஆக மொத்தம் அந்தத் தொழிற்சாலையின் ஷிஃப்ட் பட்டியல் வானத்தில் இருந்தது.

மேனேஜரிடம் போய் அவகாசம் கேட்கலாம் என்றேன். அவள் பஸ்ஸில் ஏறிப் போனாள், மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பதிலோடு இறங்கினாள். "அவங்க எப்படிப் பேசிக்கறாங்களோ அப்படியே எழுதிட்டேன். பிறை தெரிஞ்சா இவரு, தெரியலைன்னா அவரு." நாங்கள் படித்த எல்லாப் புரோகிராம் புத்தகத்திலும் இரண்டாம் பாடத்திலேயே வருகிற விஷயம்தான் அது. இப்படியானால் இது, இல்லையானால் அது. அதை யுகாதிக்கும் ரம்ஜானுக்கும் நடுவில் கொண்டுவந்து வைக்க அவளால்தான் முடிந்தது.

பிறை தெரிந்தால் நிற்பதற்குத் தமிழ்க்காரர்கள் கிட்டத்தட்டப் போதுமாக இருந்தார்கள். மிஞ்சிய இடங்களுக்கு ஆள் கேட்டபோது கன்னடக்கார ஆபரேட்டர் ஒருவர், நம் கிண்டல்காரருக்கு அடுத்த மெஷின்காரர், "தெரிஞ்சா நான் வர்றேன், எழுதிக்கோங்க. கறி அடுத்த வருஷமும் வேகும்," என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் திருப்பித் தரும் நாளோடு இரண்டு பட்டியல் அடித்துப் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம்.

யுகாதி அன்று மாலை செகண்ட் ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து பட்டியலும் ஆளும் பிசகவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்கு வந்தார்கள். மேற்கே மேகம் கட்டியிருந்தது. அவள் கையில் ஒரு பேரீச்சம்பழத்தோடு என் பக்கத்தில் நின்றாள். அந்தக் கன்னடக்காரர் பண்டிகைச் சட்டையோடு கேட்டில் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். தனக்காக அன்று மெஷினில் நின்ற சிநேகிதர் நோன்பு திறந்ததும் சாப்பிட வேண்டுமென்று ஒரு டப்பா நிறைய ஒப்பட்டு கொண்டுவந்திருந்தார்.

பாங்கு கேட்டது. நோன்பு திறந்தார்கள். முஸ்லிம், இந்து, தெலுங்கு, தமிழ் என்றில்லாமல் எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாருடைய மறுநாளும் அங்கே இருந்தது. பிறைக்காக நான் வானத்தைப் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

மேகம் ஓரத்தில் கொஞ்சம் விலகியது. "அல்லி நோடி," என்றார் கன்னடக்காரர். "அதோ, வேப்பமரத்துக்கு மேல."

மெலிதாக, நூல் அறுந்து தொங்குகிற மாதிரி தெரிந்தது. பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டேன் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கிண்டல்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உன் கறிச்சோத்த நீயே கெடுத்துக்கினியேடா. கண்ண மூடிக்கினு சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"தெரியறத தெரியலன்னு எப்படி சொல்றது?" என்றார் அவர். ஒப்பட்டு டப்பாவைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் அவள் அழுதுகொண்டே ஒப்பட்டு தின்றுகொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் போர்டிலிருந்து, பிறை தெரியாவிட்டால் என்று அடித்திருந்த இரண்டாவது பட்டியலைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். நாளை அவளுக்குப் பெருநாள், டைம் ஆபீசில் நான்தான் இருக்க வேண்டும். நாளை நன்றாக நடக்குமா, மேனேஜர் என்ன சொல்வார், ஜூனில் என்ன ஆகும் என்று எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. கிருஷ்ணகிரி பஸ் வந்தது. அவள் ஏறிப் படியில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு எனக்காக நீ இரு. பொங்கலுக்கு உனக்காக நான் இருக்கேன்," என்றாள்.

சரி என்று கையாட்டினேன். பஸ் கிளம்பித் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெங்களூரில் சேர வேண்டியது ஜூனில். பொங்கல் வருவது தையில். மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்னால், அத்தாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதற்கு முன்னால், அவள் நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நான் சாலை ஓரத்தில் ஒற்றை ஆளாக நின்று சிரித்தேன்.

ரம்ஜான் அன்று காலையில் மேனேஜர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கன்னடக்காரர் தன் சிநேகிதரின் மெஷினில் நின்றிருந்தார். ஒரு மெஷினும் நிற்கவில்லை, ஒரு பெயரும் தவறவில்லை. கடைசி மெஷினைத் தாண்டியதும் மேனேஜர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பக்கத்து ஃபேக்டரில எப்ப வந்து பாக்கறீங்கன்னு கேக்கறாங்க," என்றார். அவர் பாராட்டுவது அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் அதே நேரம் அவள் அத்தாவிடம் பொங்கல் வரைக்கும் நாள் சொல்லிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். மண்டியில் வாய்ச்சொல்லை வைத்தே வியாபாரம் செய்த மனிதர் அவர். "சொல்லிட்டியா? அப்ப இரு," என்றாராம். எங்கள் கம்பெனியில் போடப்பட்ட முதல் முதலீடு அந்த ஒரு வாக்கியம்தான் என்று நான் இன்றும் சொல்வேன்.

தை பிறந்தது. அதற்குள் தொழிற்பேட்டையில் வேறு இடங்களிலும் எங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, எல்லா இடத்திலும் நாளைக் கேட்டுக் கண் சிமிட்டிக்கொண்டு. பொங்கலன்று காலையில் வாசலில் பானை வைத்திருந்தோம். நான் புதுப் பாவாடை தாவணியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷத்தில் அம்மா, "இன்னிக்கும் அந்த ஃபேக்டரிக்கு ஓடணுமா நீ?" என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "அங்க அவ இருக்கா."